உப்புக் கோளைப் படிக்கலாமா வேணாமா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முடிஞ்சுது. 'உப்புக் கோள்' முதல் சீசனோட கடைசி எபிசோடை சாயந்திரம் நானும் நைனாவும் காராசேவு டப்பாவை நடுவுல வெச்சுக்கிட்டுப் பார்த்து முடிச்சோம். கடைசி காட்சியில கப்பலோட பெரிய கதவு மூடுது. உள்ள ஒருத்தர், வெளிய உப்புப் புயல்ல ஒருத்தர். யாரு உள்ள, யாரு வெளியன்னு காட்டாமலே திரையைக் கறுப்பாக்கிட்டான் படுபாவி. நைனா ரிமோட்டை ஓங்கிட்டாரு. நான் கையைப் பிடிக்கலைன்னா இன்னிக்கு டிவிக்குக் கருமாதி.

"இன்னாடி இது, நட்ட நடு வழியில பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்குங்கன்றான்?"

பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆன மனுஷன். எதைப் பார்த்தாலும் அவருக்கு பஸ்தான். முதல் எபிசோடுல கப்பல் வானத்துல கிளம்பறப்பவே "ஏழு நிமிஷம் லேட்டு, எவன் கேக்கறது?"ன்னாரு.

"யாருடி வெளிய நிக்கறது? நீயா, அந்தக் கேப்டன் பையனா?"

'நீ'ன்னா நான் இல்லை, கப்பல் டாக்டர் நேவா. தமிழ்ல அவளுக்கு நான்தான் குரல். இத்தனை வருஷமா டப்பிங் தியேட்டர் தியேட்டரா ஏறி இறங்கி, கும்பல்ல கத்தியிருக்கேன், கல்யாண வீட்ல பின்னாடி நின்னு சிரிச்சிருக்கேன், ஒரு பேய்க்கு ரெண்டு மணி நேரம் மூச்சு மட்டும் விட்டிருக்கேன். பேர் இருக்கற ஆளுக்குப் பேசினது இதுதான் முதல் தடவை. ஆனா கதவுக்கு வெளிய யாருன்னு எனக்கும் தெரியாது. எங்களுக்கு எங்க சீன் மட்டும்தான் போடுவாங்க. அதுவும் படம் வெளிய கசிஞ்சிடுமோன்ற பயத்துல திரை முழுக்க இருட்டு, பேசற மூஞ்சி மட்டும் ஒரு வட்டத்துல தெரியும். இதைச் சொன்னா நைனா நம்பவே மாட்டேங்கறாரு. "சொந்த அப்பன்கிட்டயே ரகசியம் காக்கறா பாரு"ன்னு மூஞ்சைத் திருப்பிக்கிட்டாரு.

ரெண்டாவது சீசன் எப்பன்னு கேட்டாரு. அடுத்த வருஷம் டிசம்பர்னு போட்டிருக்கான்னேன். "வரட்டும். நான் எங்க போயிடப் போறேன்"ன்னாரு.

செவ்வாய்க்கிழமை அவரோட ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கணும். மறக்காம பழைய பைலை எடுத்து வெக்கணும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் சொன்னது எல்லாத்தையும் இங்க எழுதப் போறதில்லை. "அடுத்த வருஷம் டிசம்பர்ல..."ன்னு என்னமோ ஆரம்பிச்சேன். எதுக்கு அப்படி ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியலை. அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "அவ்வளவு தூரம் போக வேணாம்மா. பொங்கல் வரைக்கும் பார்ப்போம்"ன்னாரு. இவ்வளவு எழுதினா போதும்.

அண்ணனுக்கு ஓசூருக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கிட்டான். அப்புறம், "நைனாவுக்குத் தெரிய வேணாம் பூரணி. தெரிஞ்சா அந்த நினைப்பே ஆளைத் தின்னுடும்"ன்னான். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லலை. எங்க பெரியம்மாவுக்கும் சொல்லலை. எங்க குடும்பத்துல வியாதி வந்தவங்களைத் தவிர ஊருக்கே தெரியும்.

வெளிய வராண்டாவுல பிளாஸ்டிக் சேர்ல நைனா உக்காந்திருந்தாரு. பக்கத்துல இருந்தவர்கிட்ட ஏதோ ரூட்டு நம்பர் விளக்கிக்கிட்டிருந்தாரு. நான் போய் நின்னேன்.

"ஒன்னுமில்ல நைனா. உள்ள சின்ன வீக்கம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

சத்தியமா சொல்றேன், அவ்வளவு சுத்தமா வந்துச்சு. நடுக்கம் இல்லை, வேகம் இல்லை, ஒரு மூச்சு கூட இடம் மாறலை. ஒரே டேக்ல ஓகே. எங்க டப்பிங் டைரக்டர் ரெங்கா சார் இருந்திருந்தா, ரெக்கார்டிங் ரூம் கண்ணாடியைத் தொட்டிலைத் தட்டற மாதிரி மெல்லத் தட்டியிருப்பாரு.

வர வழியில முருங்கைக்காய், ட்யூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர்.

ஆகஸ்ட் 6, புதன்

நைனா ரெண்டு இட்லி. சட்னியில உப்பு இல்லைன்னு சண்டை. நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேத்து ஸ்டூடியோவுல மும்தாஜ் அக்கா. அக்காவுக்கு அம்பத்தி நாலு வயசு, பேரன் இருக்கான், ஆனா 'உப்புக் கோள்'ல பதிமூணு வயசு கேப்டன் பையன் தியோவுக்கு அவங்கதான் குரல். பிரியாணி சாப்பிட்டுக்கிட்டே, "இது புக்கா வந்த கதைடி, ஆறு பாகம், தமிழ்லயே இருக்கு, நான் ஆறும் முடிச்சுட்டேன்"ன்னாங்க. முதல் சீசன்ல வந்தது முதல் பாகம் மட்டும்தானாம். மீதி அஞ்சும் புத்தகத்துல இருக்கு!

எனக்குக் கையில இருந்த சோறு அப்படியே நின்னுபோச்சு. டிசம்பர் எதுக்கு? அடுத்த வருஷம் எதுக்கு? கதவுக்கு வெளிய யாருன்னு நாளைக்கே நைனாவுக்குச் சொல்லிடலாம். முழுக் கதையையும் நானே படிச்சுக் காட்டிடலாம். தொண்டை இருக்கு, ஆள் இருக்கு, வேறென்ன வேணும்?

இன்னிக்குக் காலையில காபியோட மெதுவா ஆரம்பிச்சேன். நைனா பேப்பரை இறக்கவே இல்லை.

"படத்தைப் பார்த்தப்புறம் புக்கா? பின்னாடியே அடுத்த பஸ்ஸு காலியா வந்துனு இருக்கு. நான் எதுக்கு நடந்து போவணும்?"

"அடுத்த பஸ்ஸு டிசம்பர்ல நைனா. அதுவும் அடுத்த வருஷம்."

"வரட்டுமே. உக்காந்துனுதானே இருக்கேன்."

பால் பொங்குதான்னு பார்க்க உள்ள போனேன். அடுப்பையே பத்தவைக்கலை.

மறுபடி வந்து கேட்டதுக்குக் கோதண்டம் கதையை எடுத்துட்டாரு. அவரு டிப்போவுல கோதண்டம்னு ஒரு கண்டக்டர். எந்தப் படம் வந்தாலும் முதல் ஷோ பார்த்துட்டு வந்து கொலைகாரன் யாருன்னு டீக்கடையில உளறிடுவானாம். ஒரு நாள் எல்லாருமா சேர்ந்து அவனை டயர் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்களாம். "முன்னாடியே முடிவு தெரிஞ்சுனு படம் பார்க்கறவன் பாதி மனுஷன்டி. என்னைக் கோதண்டம் ஆக்கப் பார்க்காத"ன்னாரு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மும்தாஜ் அக்கா அஞ்சு பாகத்தையும் அரிசிப் பையில போட்டுக் குடுத்தனுப்பிட்டாங்க. ஒவ்வொன்னும் செங்கல். ரெண்டாம் பாகத்தை எடுத்து டீப்பாய் மேல, அட்டை தெரியற மாதிரி, தற்செயலா வெச்ச மாதிரி வெச்சேன். அட்டையில வெள்ளை வெளேர்னு உப்புப் பாலைவனம், நடுவுல சின்னதா ஒரு ஆள்.

நைனா வந்தாரு. பார்த்தாரு. மோர் டம்ளரை அது மேல வெச்சுட்டுப் போயிட்டாரு.

ஆகஸ்ட் 14, வியாழன்

சரி, அவரு படிக்கலைன்னா போகட்டும், நான் படிக்கலாமா? இதுலயும் சிக்கல் இருக்கு. ரெண்டாம் பாகத்துல நேவா செத்துட்டா எனக்கு அடுத்த சீசன்ல வேலை இல்லை. திரும்ப கல்யாண வீட்ல சிரிக்கப் போக வேண்டியதுதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வருஷம் உக்காந்திருக்கறது பெரிய தொல்லை. மும்தாஜ் அக்காகிட்ட கேட்டா, "உயிரோட இருக்கியா இல்லியான்னு நான் சொல்ல மாட்டேன், நீயே பார்த்துக்க"ன்னு தியோ குரல்ல சொல்லிட்டுப் போனை வெச்சுட்டாங்க. கொழுப்பைப் பாரு.

பஸ்ல படிக்க ஆரம்பிச்சேன். சாலிகிராமத்துல இறங்க வேண்டியவ வளசரவாக்கத்துல இறங்கினேன்.

கதவுக்கு வெளிய யாருன்னு இப்ப எனக்குத் தெரியும். இங்க எழுத மாட்டேன். எழுதினா அடுத்தது வாய்தான் உளறும். வீட்டுக்கு வந்து அவரு மூஞ்சைப் பார்த்தப்ப வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஒரே மனுஷன்கிட்ட ரெண்டு முடிவை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ரசம் ஊத்தறது எவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணன் வந்தான். ஒரு பெட்டி ஆப்பிள், ஒரு பெட்டி மாதுளை, ஹார்லிக்ஸ் மாதிரி ஏதோ மூணு டப்பா. நைனா ஆப்பிள் பெட்டியைப் பார்த்து, "இன்னாடா இது, நான் இன்னா ஆஸ்பத்திரியிலயா படுத்துனு இருக்கேன்?"ன்னு கேட்டாரு. அண்ணன் கையைக் கழுவிட்டு வரேன்னு போய் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் வெளிய வரலை. தண்ணி லாரிக்கு நான் தவம் கிடக்கறேன், இவன் ஒரு பக்கெட்டை அழுதே தீர்த்துட்டான்.

சமையல் ரூம்ல நின்னு புக்கு விஷயத்தைச் சொன்னேன். "நெட்டுல கதைச் சுருக்கம் இருக்கும் பூரணி, அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சிடேன்"ன்னான்.

அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடணுமாம். அவனுக்குத் தோசை ஊத்தினேன். ஓரம் கருகிடுச்சு, அதையே குடுத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நைனா இப்ப சாயந்திர நடையை விட்டுட்டாரு. "தெருவுல நாய் ஜாஸ்தி"ன்றாரு. ஒரே நாயி, அதுவும் கிழடு, அதுக்கு தினம் டீக்கடையில பொறை வாங்கிப் போடறவரே இவருதான்.

'உப்புக் கோளை' மறுபடி முதல்ல இருந்து போடச் சொன்னாரு. புக்கு வேணாம், பார்த்ததையே திரும்பப் பார்ப்பாராம். சரின்னு போட்டேன். நாலாவது எபிசோடுல ஒரு சீன் இருக்கு. கப்பலோட இஞ்சினியர் ஹால்வர் அடிபட்டுக் கிடப்பாரு, நேவா பக்கத்துல உக்காந்து பேசுவா: "ஒன்னுமில்ல. மெதுவா மூச்சு விடுங்க. காலையில சரியாயிடும்." அதுக்கு ரெங்கா சார் என்னைப் பாடாப் படுத்தினாரு. சோகம் கேக்கக் கூடாது, பயம் கேக்கக் கூடாது, ஆனா அன்பு இருக்கணும்னு. அன்னிக்கு நான் ஒரு குரல் பிடிச்சேன். பல்லு தெரியாம சிரிச்சுக்கிட்டே, வார்த்தையோட கடைசியை மட்டும் கீழ இறக்கிப் பேசணும். அதான் நேவா குரல்.

அந்த இடத்துல நைனா படத்தை நிறுத்தினாரு. பின்னாடி ஓட்டி மறுபடி கேட்டாரு. அப்புறம் திரும்பி என்னையே பார்த்தாரு.

"என்னா நைனா?"

"ஒன்னுமில்ல. நல்லா பேசியிருக்கே."

இத்தனை வருஷத்துல நைனா என் தொழிலைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தலை கால் புரியலை. ராத்திரிக்குப் பூரி போட்டேன். அவரு அரைப் பூரி சாப்பிட்டாரு.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூணு எபிசோடு ஒரே மூச்சுல பார்த்திருக்காரு, நான் வேலைக்குப் போயிருந்தப்ப. பகல் சாப்பாட்டைத் தொடலை. "மெதுவா எழுந்திரு நைனா, அவசரமில்ல, கொஞ்சமா கஞ்சி குடிக்கலாம்"ன்னு எவ்வளவு பொறுமையா கேட்டேன் தெரியுமா. எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம். நைனா கஞ்சியைக் குடிச்சுக்கிட்டே டம்ளர் விளிம்புக்கு மேல என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

ஆகஸ்ட் 23, சனி

"அடுத்தது எப்ப வருதுன்னு சொன்னே?"

"டிசம்பர்."

"எந்த டிசம்பர்?"

"அடுத்த வருஷம்."

"ம்."

அவ்வளவுதான். நானும் புக்கைப் பத்தி மூச்சு விடலை. பிடிவாதக்காரர்கிட்ட கெஞ்சினா இன்னும் ஏறும். துவைச்ச துணியை மடிச்சு வெச்சேன். அவரோட சட்டை எல்லாம் பெருசாயிடுச்சு, ரெண்டை டைலர்கிட்ட குடுத்துப் பிடிக்கணும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையில பாதி வெடிச்சுப் போச்சு. வெடிக்காத ஒன்னை எடுத்து நைனா தட்டுல வெச்சேன். பிட்டுப் பிட்டு முழுசா சாப்பிட்டாரு. எனக்கு அதுவே பண்டிகை.

கையைத் துடைச்சுக்கிட்டு, "அந்தப் புக்கை எடுத்துனு வா"ன்னாரு.

"எந்தப் புக்கு?"

"அரிசிப் பையில ஒளிச்சு வெச்சிருக்கியே, அதான். ரெண்டாம் பாகத்துல இருந்து படி."

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. கெஞ்சாம இருந்தது எவ்வளவு நல்லதா போச்சுன்னு நினைச்சுக்கிட்டே ஓடிப்போய் பையோட தூக்கிட்டு வந்தேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "அடுத்த பஸ்ஸு வரட்டும்னியே, இப்ப என்ன திடீர்னு?"ன்னு கலாய்ச்சேன்.

"பஸ்ஸு வரும்டி. நான் ஸ்டாப்புல இருக்க மாட்டேன்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு நைனா இது. ஒன்னுமில்ல. சின்ன வீக்கம்தான், கொஞ்ச நாள்ல..."

"பார்த்தியா, இப்பக்கூட அதே குரலு."

"எந்தக் குரல்?"

"அந்த டாக்டரம்மா குரலு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா நீ என்கிட்ட அப்படித்தான் பேசினு இருக்கே. இந்த வீட்ல என்னிக்குடி நீ என்கிட்ட தன்மையா பேசியிருக்கே? 'எழுந்து தொலை நைனா, இட்லி ஆறுது'ன்னு கத்துவே. திடீர்னு 'மெதுவா எழுந்திரு, அவசரமில்ல'ன்றே. என்னடா இது, எங்கியோ கேட்ட குரலா இருக்குதேன்னு யோசிச்சேன். மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன் பாரு, அப்பத்தான் பிடிபட்டுச்சு. சமையக்காரன்கிட்ட அந்தக் குரல்ல பேசுச்சு. இஞ்சினியருகிட்ட பேசுச்சு. கால் போன பைலட்டுகிட்ட பேசுச்சு. ஒருத்தனாவது அடுத்த எபிசோடுல இருந்தானா?"

வராண்டாவுல அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்றப்ப நான் நேவாவை நினைக்கவே இல்லை, சத்தியமா. நானே சொல்றதாத்தான் நினைச்சேன். என் தொண்டைக்குத் தெரிஞ்ச வழி அது ஒன்னுதான் போல இருக்கு. ஊரையே ஏமாத்தற குரல், பெத்தவர்கிட்ட மூணு வாரம் கூடத் தாங்கலை.

அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு. கீழ் வீட்டுல பிள்ளையாருக்கு மணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க, அதனால ஒருத்தருக்கும் கேக்கலை. "ஏன் நைனா தெரிஞ்சும் சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"நீ அவ்வளவு நல்லா பேசினு இருந்தே. கெடுக்க மனசு வரலை." துண்டை எடுத்து என் மேல போட்டாரு. "உங்கண்ணன்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. தாங்க மாட்டான். அடுத்த வாரம் லாரியில ஆப்பிள் அனுப்புவான்."

சிரிப்பும் வந்து தொலைச்சுது. அழுகையும் நிக்கலை. மூஞ்சைக் கழுவிட்டு வந்து கட்டில் பக்கத்துல முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். ரெண்டாம் பாகம், முதல் அத்தியாயம். நேவாவுக்கு என் குரல், தியோவுக்கு மும்தாஜ் அக்கா குரல், கப்பல் கம்ப்யூட்டருக்கு மூக்கால ஒரு குரல். கதவு திறந்து, வெளிய நின்னது யாருன்னு வந்துச்சு. நைனா தொடையில ஓங்கி அடிச்சுக்கிட்டாரு. "நான் சொல்லலை? மொதல்லயே சொன்னேனே!" அவரு எப்பவும் சொல்லவே இல்லை.

நேவாவோட அடுத்த வசனம் வந்துச்சு. வெளிய இருந்து தூக்கிட்டு வந்த ஆளைப் படுக்க வெச்சுட்டு, அவ 'ஒன்னுமில்ல'ன்ற அதே வார்த்தையைச் சொல்றா. எனக்கு அந்த வரிக்கு மேல தாண்ட முடியலை. புக்கை மடியில கவுத்துட்டு மறுபடி அழுதேன். நைனா கையை நீட்டி, தரையில இருந்த அரிசிப் பையைக் கட்டில் மேல இழுத்தாரு. உள்ள கையை விட்டு, மிச்சம் இருக்கற நாலு பாகத்தையும் ஒன்னொன்னாத் தொட்டுப் பார்த்தாரு.

"இவ்வளவு இருக்கா?"

"இருக்கு நைனா."

"அப்ப ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு அழுதுனு இருக்காத. ஓட்டு."